ஆளில்லாத காட்சி

போன வாரம் இந்த வீட்டை விட்டு நாம் கிளம்பியபோது வாசலில் ஒரு சூட்கேஸ் வந்து இறங்கியிருந்தது. அதன் பின்னாலேயே நாத்தனாரும் இறங்கியிருந்தார். சூட்கேஸின் கனத்தைப் பார்த்தால் சீக்கிரம் திரும்பிப் போகும் யோசனை அவருக்கு இல்லை என்று தெரிந்தது.

அதற்கு முந்தின வாரம் நடந்தது மறந்திருக்காது. நாலு வயதாகியும் பேச்சு வராத பையனை டாக்டர் நெடுநேரம் பார்த்துவிட்டு, ஆட்டிசம் என்று ஒரு வார்த்தை சொன்னார். அந்த வார்த்தையை அப்பாவும் அம்மாவும் வீட்டுக்குக் கொண்டுவந்து, நகை நட்டைப் பூட்டி வைப்பது போல வைத்துப் பூட்டிவிட்டார்கள். டாக்டர் கைகாட்டிய தெரபி மையம் ஒன்றுக்குத்தான் விஷயம் தெரியும். நாத்தனாரிடம் மூச்சு விடவில்லை.

அம்மாவுக்குத் தொழில் வீடியோ எடிட்டிங். சாதாரண கை இல்லை அது. ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை முதலிலிருந்து கடைசி வரை அழுதுகொண்டே இருந்தார். இவள் வெட்டி ஒட்டிக் கொடுத்த வீடியோவில் சிரித்துக்கொண்டே இருந்தார். அதைப் பார்த்த பிறகுதான் மாப்பிள்ளைக்கே அந்தக் கல்யாணத்தில் இஷ்டம் வந்தது. இன்னொரு வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு பாதியில் எழுந்துபோன சித்தப்பாவைச் சாப்பாட்டு மேஜையில் எல்லோருக்கும் நடுவே உட்கார வைத்தாள். வீடியோவைப் பார்த்த சித்தப்பா தான் சாப்பிட்டதாகவே நம்பி, குழம்பில் உப்புக் குறைவு என்று புகாரும் சொன்னார்.

அப்பேர்ப்பட்டவளிடம் தெரபி மையத்தில், “பையன் வீட்ல எப்படி இருக்கான்னு ஒரு வீடியோ எடுத்து அனுப்புங்க” என்று சொன்னால் என்ன ஆகும்? ஆனது. அலறல் போயிற்று. தரையில் தலையை மோதிக்கொண்டது போயிற்று. பையன் ஜன்னல் பக்கம் திரும்பியதையும் அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டதையும் எடுத்து ஒட்டியதில், கூப்பிட்டதும் திரும்பிப் பார்க்கிற பிள்ளை ஒன்று பிறந்தது. பின்னால் லேசாகப் புல்லாங்குழல். பொய் சொல்கிறோம் என்று அவளுக்குத் தோன்றவேயில்லை. கை தன் பாட்டுக்கு வேலையைச் செய்தது.

இன்று காலை மையத்திலிருந்து போன் வந்தது. பேசியது அங்கே பெற்றோர்களைக் கவனித்துக்கொள்ளும் மேடம்.

“வீடியோ பாத்தோம்மா. ரொம்ப அழகா இருக்கு.”

“தேங்க்ஸ் மேடம்.”

“அதாம்மா பிரச்சினை.”

எடிட்டர் போனை மறு காதுக்கு மாற்றினாள்.

“டாக்டர் ரிப்போர்ட்ல ஒரு பிள்ள இருக்கான். உங்க வீடியோல வேற ஒரு பிள்ள இருக்கான். அந்தப் பிள்ளைக்கு எங்ககிட்ட வேலையே இல்ல. இவன் காத்திருக்கலாம், அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னு எழுதிட்டாங்க.”

“அடுத்த வருஷமா?”

“பயப்படாதீங்க. இன்னிக்கு சாயந்தரம் மறுபடி உக்காந்து பேசறோம். ஒரே ஒரு இடம் இருக்கு. உங்களுக்காக நான் பேசறேன். ஆனா வெறுங்கையோட எப்படிப் பேசறது? ஒண்ணு பண்ணுங்க. கேமராவ ஓட விட்டுட்டு நீங்க தள்ளி நில்லுங்க. அவன் கத்தினா கத்தட்டும். கூப்பிட்டுத் திரும்பலன்னா, திரும்பாததையே காட்டுங்க. எங்க கஷ்டம்னு தெரிஞ்சாத்தானே எங்க பிடிச்சுத் தூக்கணும்னு தெரியும்? ஒரு இடத்துலயும் வெட்டாதீங்க.”

“அத எத்தன பேர் பாப்பாங்க?”

“நாங்க அஞ்சாறு பேர். யாரும் சிரிக்க மாட்டோம்.”

போனை வைத்தாள். சமையல்காரரிடம் போய் அடுப்பைப் பற்ற வைக்காதீர்கள் என்று சொன்ன மாதிரி இருந்தது அவளுக்கு. ஒரு வருஷம் என்பதை நினைத்தபோது அந்த நினைப்பும் ஓடிப்போயிற்று. ஒரு வருஷத்தில் இவனுக்கு ஐந்து வயதாகிவிடும். இப்போதே தண்ணீர் வேண்டும் என்று கேட்கத் தெரியாமல் அழுகிறான்.

கீழ்த்தளத்தில் கணவருக்கு பிரிட்ஜ் ரிப்பேர் கடை. மெக்கானிக் என்றால்தான் தெருவில் தெரியும். மாடிப்படி ஏறி வந்து விஷயத்தைக் கேட்டவர், கையிலிருந்த ஸ்குரூ டிரைவரைத் திருகிக்கொண்டே நின்றார்.

“அக்கா இருக்கே?” என்றார் கடைசியில்.

அதுதான் பெரிய சிக்கல். அவருடைய அக்கா, அதாவது நாத்தனார், பல காலம் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்தவர். அவர் வேகத்துக்கு மெஷினில் போட்ட காகிதம் சூடாகிச் சுருண்டுகொள்ளும் என்றும், பக்கத்தில் ஒரு ஆள் ஈரத்துணியோடு நிற்பார் என்றும் சொல்வார்கள். ஓயாத அந்தச் சத்தத்தில் இருந்திருந்து காது கொஞ்சம் மந்தம். அதனால் ரகசியத்தையும் அவர் தெருவுக்குக் கேட்கிற மாதிரிதான் சொல்வார். வேலையை விட்டும் விரல்கள் வேலையை விடவில்லை. மனசில் கலக்கம் வந்தால் எதிரே இருப்பது மேஜையோ தொடையோ, நாலு விரலும் வரிசையாகத் தட்டும். கடைசியில் கட்டை விரல் ஒரு தட்டு.

“அக்காவுக்குத் தெரிஞ்சா சாயந்தரத்துக்குள்ள சொந்தக்காரங்க அத்தன பேருக்கும் தெரிஞ்சிடும்” என்றார் மெக்கானிக்.

“கடைக்கு அனுப்புங்க.”

“என்ன வாங்கிட்டு வரச் சொல்றது?”

“எதையாவது சொல்லுங்க. கனமா இருக்கட்டும். மெதுவாத்தான் வருவாங்க.”

நாத்தனார் இரண்டு பைகளோடு சந்தோஷமாகக் கிளம்பினார். இந்த வீட்டில் தன்னிடம் ஒரு வேலை சொன்னது இதுதான் முதல் தடவை.

முன்னறைதான் எடிட்டரின் வேலை அறை. ஒரு சுவர் முழுக்கப் பச்சைத் துணி தொங்கும். அதற்கு முன்னால் யாரை நிறுத்தினாலும் பின்னால் கடலையோ மலையையோ கொண்டுவந்துவிடலாம். துணி உயரத்தைவிட நீளம். மிச்சம் தரையில் மடிப்பு மடிப்பாகக் குவிந்து கிடக்கும். வெளிச்சம் அங்கேதான் நன்றாக இருக்கிறது என்று பையனை அந்தத் துணிக்கு முன்னால் உட்கார வைத்தாள். தொழில் புத்தி.

பையனுக்கு வீட்டில் பெயர் பொட்டலம். கைக்குழந்தையாக இருந்தபோதே இறுக்கிச் சுற்றினால்தான் தூங்குவான். இப்போதும் போர்வையைத் தானே சுற்றிக்கொள்வான். பெட்டி, பீரோ இடுக்கு, கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே உள்ள சந்து, எங்கே இறுக்கமோ அங்கே அவனுக்குச் சொர்க்கம். இந்தக் குணத்துக்குப் பயந்துதான் மெக்கானிக், கடைக்கு வருகிற பழைய பிரிட்ஜ்களின் கதவை முதல் வேலையாகக் கழற்றி வைப்பார். இந்த வாரம் வேலை குவிந்துவிட்டது. எல்லாவற்றையும் கழற்றவில்லை.

கேமராவை முக்காலியில் வைத்து ஓடவிட்டாள். சிவப்பு விளக்கு எரிந்தது. பொட்டலம் ஒரு மூடியைத் தரையில் சுற்றிவிட்டு, அது நிற்கிற வரைக்கும் பார்த்தான். மறுபடி சுற்றிவிட்டான். “கண்ணா” என்றாள். திரும்பவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். மூடி சுற்றியது. இன்னொரு தடவை கூப்பிட்டால் தானே போய் முகத்தைத் திருப்பிவிடுவோம் என்று தெரிந்துபோனது. சமையலறைக்குள் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள். பரீட்சை எழுதுகிற பிள்ளைக்கு வெளியே நிற்கிற அம்மா மாதிரி.

“என்னம்மா இது, வீடு இவ்வளவு அமைதியா இருக்கு?”

நாத்தனாரின் குரல். எடிட்டர் ஓடிவந்தாள். நாத்தனார் இரண்டு பைகளையும் தரையில் வைத்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். மூடி தரையில் கிடந்தது. பையன் இல்லை. நாத்தனாருக்குப் பின்னால் வாசல் கதவு அகலத் திறந்திருந்தது.

“பையன் எங்க?”

“நான் பாக்கலியே. உள்ள இருப்பான்.”

உள்ளே இல்லை. கட்டில் சந்தில் இல்லை. பீரோ இடுக்கில் இல்லை. குளியலறை வாளி பக்கம் பார்க்கப் பயந்து, கண்ணை மூடிக்கொண்டு கையைவிட்டுப் பார்த்தாள். தண்ணீர் மட்டும் இருந்தது.

“எவ்வளவு நேரமாக் கதவு தெறந்திருக்கு?”

“ரெண்டு கையிலயும் பை. முழங்கையால தள்ளிட்டு வந்தேன். பைய உள் ரூம்ல வைக்கலாம்னு போயிட்டு, அங்க இடம் இல்லன்னு திரும்பி வந்தேன். ஏன் இப்படிப் பதறுற? பக்கத்து வீட்டுக்குப் போயிருப்பான். ஒரு சத்தம் குடு, ஓடி வருவான்.”

“வர மாட்டான்! கூப்பிட்டா வர மாட்டான்! அவனத்தான் கூப்பிடறோம்னே அவனுக்குத் தெரியாது. காணாமப் போனா யாருகிட்டயும் பேரு சொல்லத் தெரியாது. லாரி வந்தா ஒதுங்கத் தெரியாது. அவனுக்கு ஆட்டிசம், அண்ணி!”

பூட்டி வைத்த வார்த்தை வெளியே வந்துவிட்டது. நாத்தனார் மேஜையைப் பிடித்துக்கொண்டார்.

“நீங்க இங்கயே இருங்க. வந்தா கெட்டியாப் பிடிச்சுக்கோங்க.”

படியில் அவள் இறங்கினாளா விழுந்தாளா என்று தெரியாது. கீழே சத்தம் கேட்டே மெக்கானிக்குக் காரியம் புரிந்துவிட்டது. தெருவுக்கு ஓடவில்லை அவர். கடைக்குள் ஓடினார். கதவுள்ள பிரிட்ஜ்களின் முன்னால் போய் ஒவ்வொன்றாகத் திறந்தார். ஒவ்வொரு கதவுக்கும் முன்னால் அவர் கை ஒரு கணம் நின்றது. உள்ளே என்ன இருக்கும் என்று பார்க்கவும் முடியாமல், பார்க்காமல் இருக்கவும் முடியாமல் நின்ற கணம் அது. திறந்தார். காலி. அடுத்தது. காலி. கடைசிக் கதவைத் திறந்துவிட்டு, அதற்குள்ளேயே தலையைக் கவிழ்த்து ஒரு சத்தம் போட்டார். இந்த மனிதரிடமிருந்து அப்படி ஒரு சத்தத்தை எடிட்டர் கேட்டதில்லை.

“இங்க இல்ல” என்றார். “நீ அந்தப் பக்கம் போ. நான் பெரிய ரோட்டுக்குப் போறேன்.”

அவள் தெரு முனை வரை ஓடினாள். ஒரு கடைக்காரர், “என்ன கலர் சட்டைம்மா?” என்று கேட்டார். நினைவில்லை. காலையில் தன் கையால் போட்டுவிட்ட சட்டை. நாள் முழுக்க ஆயிரம் சட்டைகளின் நிறத்தை ஒழுங்கு பண்ணுகிறவளுக்குத் தன் பிள்ளையின் சட்டை நிறம் தெரியவில்லை. நினைத்து நினைத்துப் பார்த்தாள். அப்போதுதான் உறைத்தது. சட்டை எதற்கு? பையனே அதில் இருக்கிறான். கேமரா ஓடிக்கொண்டிருக்கிறது!

வந்த வேகத்தில் திரும்பி ஓடினாள்.

நாத்தனார் வாசல்படிக்கு வந்து நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். “வரலம்மா” என்றார். அவ்வளவு சின்னக் குரல் அவரிடம் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

சிவப்பு விளக்கு இன்னும் எரிந்துகொண்டுதான் இருந்தது. நிறுத்திவிட்டு, தொடக்கத்துக்குப் போய் வேகமாக ஓட்டினாள். மூடி சுற்றியது. அவள் கூப்பிட்டது. அவள் போனது. ஓரத்தில் கதவு திறந்தது, நாத்தனாரின் பைகள் உள்ளே போயின. பொட்டலம் எழுந்தான். சட்டை மஞ்சள். திறந்த கதவின் வெளிச்சத்தைப் பார்த்து இரண்டு எட்டு வைத்தான். எடிட்டர் திரையைப் பிடித்து நிறுத்தப் போனாள், அங்கேயே அவனைப் பிடித்துவிடலாம் என்பது போல.

தெருவில் ஏதோ ஹாரன் அடித்தது. பையன் காதைப் பொத்திக்கொண்டான். திரும்பினான். பச்சைத் துணியின் ஓரத்தைப் பிடித்து ஒரு சுற்று, இரண்டு சுற்று. துணி அவனை விழுங்கியது. தரையில் குவிந்திருந்த மடிப்புகளில் இன்னொரு மடிப்பு. அதற்குள் அவள் ஓடிவந்தது தெரிந்தது. தலைமாட்டிலேயே நின்று அவன் பெயரைச் சொல்லிக் கத்தினாள். கத்தினாள். மடிப்பு அசையவில்லை.

எடிட்டர் கேமராவை விட்டு மெல்லத் திரும்பினாள். இறுக்கிச் சுற்றியிருக்கிறான். எவ்வளவு நேரம் ஆயிற்று? உள்ளே காற்று?

பச்சைத் துணி ஏறி இறங்கியது. மூச்சு.

பிரித்து எடுத்தபோது வேர்த்து நனைந்திருந்தான். நிம்மதியான முகம். சொர்க்கத்திலிருந்து இறக்கிவிட்ட கோபத்தில் வீடே அதிரும்படி அலறினான். அந்த அலறல் எடிட்டருக்குப் புல்லாங்குழலாக இருந்தது. அலறல் பெரிய ரோடு வரை கேட்டிருக்க வேண்டும். மெக்கானிக் செருப்பில்லாமல் ஓடிவந்து, பையனைத் தொட்டுப் பார்த்துவிட்டு, தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

நாத்தனார் கிட்டே வரவில்லை.

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கதவச் சாத்தியிருப்பேனே” என்றார். உள் அறைக்குப் போய்விட்டார்.

சாயந்தரம் நெருங்கியது. வீடியோவைக் கம்ப்யூட்டரில் ஏற்றிய எடிட்டரின் விரல் பழக்கப்படி வெட்டுகிற இடத்துக்குப் போனது. தலைவிரி கோலமாக அவள் கத்துகிற இடம் வேண்டாம். நாத்தனாரிடம் சீறிய இடம் வேண்டவே வேண்டாம். கீழே கடையிலிருந்து மெக்கானிக்கின் சத்தம் கூடப் பதிவாகியிருந்தது.

“அத மட்டும் எடுத்துடேன்” என்றார் மெக்கானிக், தரையைப் பார்த்துக்கொண்டு.

அப்புறம் எல்லோரும் ஓடிப்போன பிறகு ஒரு நீண்ட இடம். அறை காலி. மேஜை ஓரத்தில் யாருடைய கையோ கொஞ்சம் தெரிகிறது. அவ்வளவுதான். இப்படிப்பட்ட ஆளில்லாத காட்சியை அவள் தொழிலில் யாரும் விட்டு வைக்க மாட்டார்கள். பார்க்காமலேயே வெட்டுவார்கள்.

“வெட்டாதீங்க” என்ற குரல் காதில் நின்றது. அவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். வெட்டி அனுப்பி அடுத்த வருஷம் வந்தால்? திறந்த கதவு, ஹாரன் சத்தம், அவன் திரும்பாமல் நேரே நடந்திருந்தால்? கண்ணை மூடிக்கொண்டு முழுசாக அனுப்பினாள். அனுப்பிவிட்டு, வேறு யாருடைய கை அதைச் செய்தது என்பது போலத் தன் கையைப் பார்த்தாள்.

அதற்கப்புறம் காத்திருந்த நேரம் இருக்கிறதே, அதில் மெக்கானிக் மூன்று பிரிட்ஜ்களின் கதவைக் கழற்றி முடித்தார். எடிட்டர் துவைத்த துணியையே மறுபடி துவைத்தாள்.

போன் வந்தது.

“பாத்தோம்மா.” மேடத்தின் குரல் ஒரு மாதிரி இருந்தது. “நீங்க பாத்தீங்களா?”

“பாத்தேன் மேடம். மன்னிச்சுக்கோங்க, நான் அப்படிக் கத்தினது…”

“அத விடுங்க. யாரும் இல்லாம ஒரு இடம் வருதே, அதப் பாத்தீங்களா?”

“இல்ல.”

“சத்தத்தக் கூட்டி வச்சுக் கேளுங்க. நான் லைன்லயே இருக்கேன்.”

கேட்டாள். காலி அறை. மேஜை ஓரத்தில் நாத்தனாரின் கை. பயத்தில் விரல்கள் தானாகத் தட்டுகின்றன. டக டக டக டக. கட்டை விரல், டக்.

ஒரு இடைவெளி.

பச்சைத் துணிக்குள்ளிருந்து, சுவரில்: டக டக டக டக. டக்.

எடிட்டர் சத்தத்தை இன்னும் கூட்டினாள். நாத்தனாரின் மந்தக் காதுக்கு அது எட்டவில்லை. அவர் பாட்டுக்கு வேகத்தை மாற்றித் தட்டினார். துணியும் மாற்றித் தட்டியது. அவர் நிறுத்தினார். அது காத்திருந்தது. அவர் தொடங்கியதும் பதில் சொன்னது. பெற்றவளே பெயரைச் சொல்லிக் கத்தியதற்கு அசையாத பிள்ளை, கூப்பிடுகிறோம் என்றே தெரியாத ஒருத்தருக்கு ஓயாமல் பதில் சொல்லிக்கொண்டிருந்தான்.

“கேக்குதாம்மா? முறை வச்சுப் பேசறான். ஒருத்தர் முடிக்கற வரைக்கும் காத்திருந்து பேசறான். இதத்தான் நாங்க சொல்லிக்குடுக்க மாசக்கணக்காப் பாடுபடுவோம். இத வெட்டியிருந்தீங்கன்னா?”

எடிட்டர் அந்த இடத்தை முதலிலிருந்து மறுபடி ஓட்டினாள்.

“இடம் உங்களுக்குத்தான். நாளைக்குக் காலையில வாங்க. அந்தக் கை யாரோடது?”

“எங்க நாத்தனார்.”

“அவங்களக் கண்டிப்பாக் கூட்டிட்டு வாங்க. நாங்க தொடங்கப்போறதே அங்கேருந்துதான்.”

“அண்ணி!” என்று கூவிக்கொண்டே எடிட்டர் உள் அறைக்கு ஓடினாள். காது கேட்காது என்று இன்னும் உரக்க, “அண்ணி!”

போர்வை மடித்து வைத்திருந்தது. காலையில் வாங்கிவந்த சாமான்கள் சுவரோரம் வரிசையாக அடுக்கியிருந்தன. சூட்கேஸ் இருந்த இடத்தில் தரை மட்டும் இருந்தது.

வாசலுக்கு ஓடினாள். கதவு சாத்தியிருந்தது. துளி இடுக்கு இல்லாமல், ஒரு தடவைக்கு இரண்டு தடவை இழுத்துப் பார்த்துச் சாத்திய மாதிரி.

நாத்தனார் போன் வைத்துக்கொள்வதில்லை. மணி அடித்தால் கேட்காது என்று.

முன்னறையில் பொட்டலம் மறுபடி துணிக்குள் புகுந்துவிட்டான். டக டக டக டக. டக். சுவரில் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் காத்திருந்தான். மறுபடி டக டக டக டக. டக்.

எடிட்டர் மண்டியிட்டு, மேஜை ஓரத்தில் விரல்களால் அதே மாதிரி தட்டிப் பார்த்தாள்.

துணி அசையவில்லை. அவன் எதிர்பார்த்த கை அது இல்லை.